பழைய கைத்துப்பாக்கியை பஃபிங் சக்கரத்தில் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் பழைய கைத்துப்பாக்கிகளை வாங்கி வீட்டுப் பட்டறையில் தங்கள் விருப்பப்படி மாற்றியமைக்கிறவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் கூடவே போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து எம் 1911 ஏ1 கைத்துப்பாக்கி ஒன்று, பஃபிங் என்கிற பாலிஷ் சக்கரத்தில் தேய்த்து நிக்கல் முலாம் பூசி, முகம் தெரியும் அளவுக்கு மின்னுகிறது. குப்பையில் கிடந்ததை மீட்டெடுத்த கதையாக அதைச் சொல்லியிருந்தீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே நகரும் ஸ்லைடின் இடது பக்கத்தில், செய்த கம்பெனியின் பெயரும் ஊரும் இருக்க வேண்டிய இடத்தில், மங்கலான ஒரு தடம்தான் மிச்சம். ஓட்டைகளின் விளிம்பெல்லாம் குழிந்து போயிருக்கிறது. தட்டையாக இருக்க வேண்டிய பக்கத்தில் வெளிச்சம் நெளிகிறது. இதை மீட்டது என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அழித்திருக்கிறார்கள். கடிதம் நீளமாகிவிட்டது. இடத்துக்குத் தகுந்தபடி வெட்டிப் போடுங்கள். ஆனால் கடைசியில் இந்தியச் சட்டம் பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் கோயம்புத்தூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். அங்கே முதலில் கையில் கொடுப்பது ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமும்தான். அதைத் தட்டையாகவும் சதுரமாகவும் ராவ வேண்டும். மூலை சரிபார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் மாஸ்டர் ஒன்றும் பேசாமல் அடுத்த துண்டை எடுத்துக் கொடுப்பார். அப்புறம் பல வருடம், பாகங்கள் செய்வதற்கான அச்சுகளும் பிடிப்பான்களும் தயாராகும் டூல் ரூமில் டை, ஜிக், ஃபிக்ஸ்சர் என்று ஓடியது. குடும்பத்தோடு அமெரிக்கா வந்த பிறகு, கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில், விமான இன்ஜின் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். துப்பாக்கி சுடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. சொந்தமாகத் துப்பாக்கியும் கிடையாது. எனக்கு இரும்பு வேலை பிடிக்கும், அவ்வளவுதான்.

இரும்பு வேலை பிடித்தவனுக்கு இந்த ஊரில் துப்பாக்கியைத் தவிர்க்க முடியாது. கனெக்டிகட் ஆற்றின் வழியே வடக்கே போனால் மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு வருகிறது. 1794 முதல் 1968 வரை அமெரிக்க அரசின் ஆயுதத் தொழிற்சாலை அங்கே நடந்தது, இப்போது அருங்காட்சியகம். துப்பாக்கிக் கட்டையின் கோணல்மாணலான வடிவத்தைத் தானாகவே கடைந்து எடுப்பதற்காக தாமஸ் பிளான்சர்ட் அமைத்த லேத் அங்கே இருக்கிறது. அதன் முன்னால் நின்றால் எனக்கு நகர மனசு வராது. இன்னும் வடக்கே, வெர்மான்ட் மாநிலத்து வின்ட்சரில், 1846ஆம் ஆண்டின் செங்கல் கட்டடம் ஒன்று பழைய மெஷின்களுக்கான அருங்காட்சியகமாக நிற்கிறது. ஹார்ட்ஃபோர்டிலேயே துப்பாக்கி தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட் 1855இல் கட்டிய தொழிற்சாலையின் நீலக் கூம்பு நெடுஞ்சாலையில் போகும்போது தெரியும். பிரான்சிஸ் பிராட், ஏமஸ் விட்னி இரண்டு பேரும் கோல்ட்டிடம் வேலை பார்த்தவர்கள்தான். 1860இல் அவர்கள் தொடங்கிய மெஷின் டூல் கம்பெனியின் பெயரைத்தான் 1925இல் ஆரம்பித்த விமான இன்ஜின் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றைப் போட்டால் பொருந்த வேண்டும், அதற்கு அளவைச் சரிபார்க்கும் கேஜ் வேண்டும், வேலையைப் பிடித்து வழிகாட்டும் ஜிக் வேண்டும் என்ற வேலைமுறை பெரிய அளவில் வளர்ந்தது இந்தப் பள்ளத்தாக்கில்தான். நான் வாழ்நாள் முழுக்கச் சோறு சாப்பிட்டது அந்த வேலைமுறையால். அதனால் இந்தப் பழைய துப்பாக்கிகளை நான் ஆயுதமாகப் பார்ப்பதைவிட, என் தொழிலின் ஆவணமாகத்தான் பார்க்கிறேன்.

இப்போது படத்தில் இருந்த ரகத்துக்கு வருகிறேன். யூட்டா மாநிலத்து ஆக்டனில் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்தது. 1911 மார்ச்சில் நடந்த கடைசிச் சோதனையில் 6,000 ரவுண்டு சுட்டும் சிக்காமல் ஓடியது. அதே மாதம் 29ஆம் தேதி அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1920களில் பிடியிலும் ட்ரிகரிலும் சில சிறிய மாற்றங்களைச் செய்து ஏ1 ஆக்கினார்கள். 1985 வரை அதுதான் ராணுவத்தின் கைத்துப்பாக்கி.

இரண்டாம் உலகப் போரில் கோல்ட் கம்பெனி மட்டும் செய்து மாளவில்லை. அரசு வேறு கம்பெனிகளிடம் வரைபடத்தையும் கேஜையும் கொடுத்தது. யார் யாரிடம் என்று பாருங்கள். நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸில் ரெமிங்டன் ராண்ட். டைப்ரைட்டர் கம்பெனி! நம் ஊர்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போன தலைமுறைக்கு ரெமிங்டன் என்றாலே விரல் நுனியில் சத்தம் கேட்கும். துப்பாக்கி செய்த பழைய ரெமிங்டன் குடும்பத் தொழிற்சாலையில்தான் 1870களில் அந்த டைப்ரைட்டர் முதலில் தயாரானது. பிறகு டைப்ரைட்டர் தொழில் கைமாறித் தனியாகப் போய்விட்டது. போர் வந்ததும் அந்தத் தனிக் கம்பெனி கைத்துப்பாக்கி செய்ய இறங்கியது. 8 லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்தார்கள். எல்லாக் கம்பெனிகளையும்விட அதிகம். பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஸ்விஸ்வேல் என்ற ஊரில் ரயில்வே சிக்னல் செய்துகொண்டிருந்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் சுமார் 55,000 செய்தது. நியூயார்க் மாநிலத்து இத்தாக்காவில் வேட்டைத் துப்பாக்கிக் கம்பெனி ஒன்றும் செய்தது. எல்லோருக்கும் முன்னால், சோதனை முயற்சியாக 500 மட்டும் செய்து கொடுத்தது யார் தெரியுமா? சிங்கர். நம் வீட்டுத் தையல் மெஷின் சிங்கர். அந்த 500இல் ஒன்று ஏலத்துக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் சொத்து வாங்கும் விலை கொடுக்கிறார்கள்.

டைப்ரைட்டர் கம்பெனி செய்த ஸ்லைடு, ரயில்வே சிக்னல் கம்பெனி செய்த ஃபிரேமில், அதாவது பிடியும் சேர்ந்த கீழ் உடலில், சரியாக உட்காரும். டூல் ரூமில் வேலை பார்த்தவனுக்கு இதைவிடப் பெரிய அதிசயம் வேண்டியதில்லை. போர் முடிந்த பிறகு ராணுவக் கிடங்குகளில் இவற்றைக் கழற்றிக் கலந்து மறுபடி பூட்டினார்கள். அதனால் ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, இந்த ஸ்லைடு எங்கே செய்தது, இந்த ஃபிரேம் எங்கே செய்தது, சேர்ந்தே வந்ததா, பிறகு சேர்ந்ததா என்று சொல்ல உதவுவது அதன் மேல் குத்தியிருக்கும் எழுத்துகள்தான்.

என்னென்ன எழுத்து? ரெமிங்டன் ராண்டை எடுத்துக்கொண்டால், ஸ்லைடின் இடது பக்கம் கம்பெனிப் பெயரும் சிரக்யூஸ் என்ற ஊர்ப் பெயரும். ஃபிரேமின் வலது பக்கம் அமெரிக்க அரசின் உடைமை என்ற வாசகம், எம் 1911 ஏ1 என்ற ரகப் பெயர், வரிசை எண். இடது பக்கம் எஃப்.ஜே.ஏ. என்று மூன்று எழுத்து. அது ராணுவத்தின் சார்பில் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட அதிகாரி ஃபிராங்க் ஜே. ஆட்வுட்டின் முத்திரை. சோதனைக்காகச் சுட்டுப் பார்த்தது என்பதற்கு பி என்று ஓர் எழுத்து. இவை குத்தியிருக்கும் ஆழம் சில தௌதான் இருக்கும். தௌ என்றால் எங்கள் பட்டறைப் பேச்சில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பஃபிங் சக்கரத்தில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் அது போக நேரமே ஆகாது. தமிழ்நாட்டில் கோயில் கற்களைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்ததில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப் போனதும், அதற்கு எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பதும் உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். நடந்தது இங்கேயும் அதுதான். கல் சுத்தமாகிவிட்டது, செய்தி போய்விட்டது.

மாற்றியமைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1960களில் அமெரிக்க அரசு உபரியாக இருந்த 1911களை, இலக்குச் சுடும் சங்க உறுப்பினர்களுக்கு 20 டாலருக்கும் குறைவாகவே விற்றது. அப்போது அது பழம்பொருள் இல்லை, மலிவான உபரிச் சரக்கு. ராணுவம் வைத்த பார்வைக்குறி மிகச் சின்னது. போட்டியில் சுடுகிறவர் கண்ணுக்கு அது போதாது. அதனால் பெரிய பார்வைக்குறி வைத்தார்கள், பிடி வழுக்காமல் கோடு வெட்டினார்கள். கலிபோர்னியாவில் ஆர்மண்ட் ஸ்வென்சன், லூசியானாவில் ஜிம் கிளார்க் போன்றவர்கள் அரத்தையும் மில்லிங் மெஷினையும் வைத்துச் செய்த வேலையை இன்றும் நேரில் பார்த்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும். ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையமான ட்ரிகர் கார்டின் முன்பக்கத்தை ஸ்வென்சன் சதுரமாக்கிய விதத்தில் ஒரு கோடு கூடக் கோணாது. அவர் கை பட்டது என்பதற்காகவே அந்தத் துப்பாக்கிகளைத் தேடி வாங்குகிறார்கள். அதுவும் இப்போது ஒரு வரலாறு.

அவர்களைப் பார்த்து பெல்ட் கிரைண்டர் வைத்திருந்தவர்கள் எல்லாம் இறங்கியதுதான் வினை. என் பக்கத்து வீட்டுக்காரரின் துப்பாக்கி அப்படிப்பட்ட ஒன்று. அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய அப்பா 60களில் வாங்கிய ரெமிங்டன் ராண்ட். 70களில் யாரோ ஒருவரின் பட்டறையில் கொடுத்து அழகுபடுத்தியிருக்கிறார். ஸ்லைடின் இரண்டு பக்கத்தையும் பெல்ட்டில் ராவியிருக்கிறார்கள். சிரக்யூஸ் என்ற சொல்லில் பாதி எழுத்தைக் காணோம். மேலே நிக்கல் முலாம். வருடங்கள் போகப் போக அதுவும் உரிந்து, அடியில் துரு ஏறி, வைத்திருக்கவும் முடியாமல் தூக்கிப் போடவும் முடியாமல் அவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் பொருள் அல்லவா? ஒரு நாள் என்னிடம் காட்டி, இதை என்ன செய்யலாம் என்று கேட்டார்.

சேகரிப்பாளர் பார்வையில் அதன் மதிப்பு ஏற்கெனவே போய்விட்டது. அப்படிப்பட்ட ஒன்றில்தான் நம் கைவரிசையைக் காட்டலாம் என்பது என் கருத்து. முத்திரைகளும் பழைய பூச்சும் அப்படியே இருக்கிற ஒன்று கிடைத்தால் எண்ணெய் தடவி வைத்துவிட வேண்டும். மாற்ற ஆசைப்படுகிறவருக்கு, அதே வடிவத்தில் புதிதாகவே பல கம்பெனிகள் இன்றும் செய்கின்றன; அதை வாங்கி எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

வேலை முழுக்க அவருடைய வீட்டுப் பட்டறையில், அவர் கூட இருக்கும்போது மட்டும்தான். நான் அதை என் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை, காசும் வாங்கவில்லை. பிறருடைய துப்பாக்கியைத் தொழிலாக வாங்கிச் சரிசெய்து கொடுக்க இங்கே மத்திய அரசின் லைசன்ஸ் வேண்டும். உட்கார்ந்ததும் முதல் காரியம், தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் தோட்டா அறையைத் திறந்து, அவர் ஒரு முறை நான் ஒரு முறை காலியா என்று பார்ப்பது. சுடுவதோடு சம்பந்தப்பட்ட உள் உறுப்பு எதையும் நாங்கள் தொடவில்லை. அதெல்லாம் லைசன்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் போய்ப் பரிசோதனை முடிந்து வந்தது. நிக்கலை உரித்ததும் அந்த மெக்கானிக் மூலமாகத்தான். ஃபிரேமில் வரிசை எண் இருக்கும் இடத்தில் எமரித் தாள் கூடப் படவில்லை. அந்த எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் இங்கே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். நல்ல வேளையாக, 70களில் ராவியவர் அந்தப் பக்கத்தை விட்டு வைத்திருந்தார்.

எங்கள் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்தது ஒரே ஒரு விஷயத்தில். பாதி போன கம்பெனிப் பெயரை மறுபடி வெட்டிவிடலாம் என்றார் அவர். அப்படிச் செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். இன்று நமக்குத் தெரியும், இது புதிதாக வெட்டிய எழுத்து என்று. அவருடைய பேரன் கையிலிருந்து வாங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்? சிரக்யூஸில் குத்தியது என்று நம்பி வாங்குவார். அழிந்தது அழிந்ததாகவே தெரியட்டும், 70களில் ஒருவர் ராவினார் என்பதும் அந்தத் துப்பாக்கிக்கு நடந்ததுதானே என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், மறுநாள் காலையில் வந்து சரி என்றார். மிச்சமிருக்கும் அரை எழுத்துகள் அப்படியே இருக்கின்றன.

பெல்ட் விட்ட பள்ளத்தைச் சமன் செய்ய சக்கரம் எதுவும் வைக்கவில்லை. கையால்தான். தட்டையான இரும்புக் கட்டையில் எமரித் தாளைச் சுற்றி, 220, 320, 400 என்று எண் ஏற ஏற மென்மையான தாளுக்குப் போவது. கட்டை இல்லாமல் விரலால் தேய்த்தால் ஓட்டை விளிம்பில் விரல் இறங்கும், மூலை உருண்டுவிடும். ஒரு தாளில் நீள வாக்கில் தேய்த்தால் அடுத்த தாளில் குறுக்காகத் தேய்க்க வேண்டும்; முந்தைய கோடு முழுக்க மறைந்த பிறகுதான் தாளை மாற்றுவது. எழுத்து இருக்கும் இடத்தை நெருங்கும்போது நிறுத்திவிட்டோம். அங்கே பள்ளம் கொஞ்சம் தெரியத்தான் செய்கிறது. தெரியட்டும்.

பூச்சுக்கு நான் தேர்ந்தெடுத்தது துருவை வைத்தே கறுப்பாக்கும் பழைய முறை. ரெமிங்டன் ராண்டின் பெரும்பாலானவற்றில் இருந்தது சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சுதான்; அதைப் போட்டால் ராணுவத்திலிருந்து நேராக வந்தது போலப் போலியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். துரு முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே என்பதும் எனக்குக் குறைதான். இரும்பில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். விரல் ரேகை பட்டால் கூட அந்த இடம் ஏமாற்றிவிடும். துரு ஏற்றும் திரவத்தைப் பஞ்சில் ஒற்றி, ஈரம் தெரியாத அளவுக்கு மெல்லிசாக ஒரே இழுப்பாகத் தடவுவது. பிறகு ஈரக் காற்று உள்ள பெட்டியில் தொங்கவிடுவது. கனெக்டிகட் குளிர்காலத்தில் காற்று காய்ந்து கிடக்கும்; பெட்டிக்குள் ஈரத்துணி வைக்க வேண்டியிருந்தது. சென்னையில் என்றால் அந்தப் பெட்டியே தேவைப்படாது. சில மணி நேரத்தில் மேலெல்லாம் செம்மண் நிறத்தில் நேர்த்தியான துரு படர்ந்திருக்கும். முதல் தடவை பார்க்கிறவர் பயந்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் பயந்தார்.

அதைக் கொதிக்கும் நீரில் போட்டால் கண் முன்னாலேயே சிவப்பு கறுப்பாகிறது. சிவப்புத் துரு வெந்நீரில் மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. அது இரும்பை அரிக்காது, ஒட்டிக்கொண்டு காக்கும். குழாய்த் தண்ணீர் கூடாது, வடித்த நீர்தான். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு திட்டுத் திட்டாகக் கறை விடும். எடுத்து உலர்ந்ததும் மேலே மென்மையான கரி போல நிற்பதை எண்ணெய் போக்கிய மெல்லிய இரும்பு நாரால் தேய்த்து எடுத்தால் அடியில் லேசான சாம்பல் நிறம். மறுபடி தடவு, மறுபடி துருவேற்று, மறுபடி கொதிக்க வை. ஒவ்வொரு சுற்றிலும் நிறம் ஆழமாகும். போதும் என்று தோன்றும்போது எண்ணெய் பூசி வைப்பது. வருவது பளபளப்பு கிடையாது. அடங்கிய ஒரு கருநீலம். வெளிச்சத்தில் திருப்பினால்தான் நீலம் எட்டிப் பார்க்கும். கொதிக்கும் காரமான உப்புக் கரைசலில் முக்கிச் சீக்கிரம் முடிக்கும் முறை வந்த பிறகும், இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கிகளுக்கு இதைத்தான் செய்கிறார்கள். இரண்டு குழலையும் சேர்க்கும் ஈயப் பற்றை அந்தக் காரக் கரைசல் தின்றுவிடும்; இந்த முறை ஒன்றும் செய்யாது.

மாற்றம் என்று நாங்கள் உண்மையில் செய்தது பிடியின் பின்பக்கத்தில். அங்கே இருக்கும் ஹவுசிங் தனியாகக் கழன்று வரும் உறுப்பு. புதிதாக ஒன்று வாங்கி, அதன் மேல் அங்குலத்துக்கு 20 கோடு வரும்படி செக்கரிங் அரத்தால், அதாவது கட்டம் கட்டமாகக் கோடு போடும் அரத்தால், வெட்டினேன். முதல் கோடு நேராக விழுந்தால்தான் மற்றதெல்லாம் நேராக விழும். அரத்தின் ஒரு பல் போன பள்ளத்தில் ஓடிக்கொண்டே அடுத்ததை வெட்டும். நீளத்தில் முடித்து, குறுக்கே முடித்து, எல்லா முனையும் ஒரே உயரத்தில் சின்னச் சின்னக் கூம்பாக எழுந்து நிற்கும்போது, ஐ.டி.ஐ.யில் வெளிச்சம் தெரியாமல் ராவிய அன்றைக்கு வந்த அதே சந்தோஷம் எனக்கு வந்தது. பிடியின் முன்பக்கத்திலும் வெட்டித் தரச் சொன்னார். அது ஃபிரேமோடு சேர்ந்தது, வெட்டினால் திரும்ப வராது என்று மறுத்துவிட்டேன். கழற்றிய பழைய ஹவுசிங்கும் பழைய திருகுகளும் பேர் எழுதிய உறையில், அப்பாவின் பெட்டியிலேயே இருக்கின்றன. அதே பெட்டியில் கிடைத்த பழுப்பு நிற பிளாஸ்டிக் பிடித்தகடுகளைத்தான் மறுபடி பூட்டினோம். அவற்றின் திருகுக்கு ஏற்ற அகலத்தில் ஸ்க்ரூ டிரைவர் நுனியைத் தனியாக ராவி எடுத்தேன். பழைய துப்பாக்கிகளில் நான் பார்க்கும் காயங்களில் நிறைய, பொருந்தாத ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி விழுந்த கோடுகள்தான்.

இனி, வெட்ட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்ட பகுதி. உங்கள் கட்டுரையைப் படிக்கும் தமிழ்நாட்டு இளைஞர்களில் லேத்தும் வெல்டிங் செட்டும் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதையும், மாற்றியமைப்பதையும், பழுதுபார்ப்பதையும் கூடத் தடை செய்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம். வைத்துக்கொள்ள லைசன்ஸ் இருக்கிறது என்பதால் அதை ராவவும் துளையிடவும் உரிமை வந்துவிடாது. கட்டுரையில் இது ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும். அடுத்த வாரமே ஒரு விளக்கக் குறிப்பு போட்டால் நல்லது. இரும்பில் கை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு வேலையா இல்லை? தாத்தாவின் பழைய தையல் மெஷின், நின்றுபோன சுவர்க் கடிகாரம், துருப்பிடித்த பெஞ்ச் வைஸ் எதில் வேண்டுமானாலும் மேலே சொன்ன எமரித் தாள் வேலையையும் துருக் கறுப்பையும் செய்து பார்க்கலாம். வைஸ் ஒன்றுக்கு நானே செய்திருக்கிறேன், அருமையாக வந்தது.

வீட்டில் பெரியவர்கள் லைசன்ஸோடு வைத்திருந்த பழைய துப்பாக்கி இருந்து, அவர் காலமாகிவிட்டால், அதைப் பரணில் போட்டு வைக்கக் கூடாது. தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசன்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து, வாரிசு பெயருக்கு லைசன்ஸ் கேட்பதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்யுங்கள். ஒப்படைக்கும் முன் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்க நினைக்காதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றனவே, அவற்றின் மேல் வேலைப்பாடு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் யாரும் அதை எமரியில் தேய்க்கவில்லை என்பதால்தான். லைசன்ஸ் உங்கள் பெயரில் இருந்து நீங்களே வைத்திருப்பதானால், தோல் உறைக்குள் நிரந்தரமாகப் போட்டு வைக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் தின்னும். காலியா என்று உறுதி செய்துகொண்டு, மெல்லிய எண்ணெய் நனைத்த பருத்தித் துணியால் துடைத்து, எழுத்துகளையும் எண்ணையும் ஒரு தாளில் குறித்து லைசன்ஸ் புத்தகத்தோடு வையுங்கள். துரு தெரிந்தால் சுரண்ட வேண்டாம். லைசன்ஸ் பெற்ற வியாபாரியிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டூல் மேக்கர் ஒருவர்,
ஹார்ட்ஃபோர்டு அருகில், கனெக்டிகட்